சாய்ந்த ஏரி

நெய்தல் நிலையம், டைட்டன் நிலவு. பணிக்குறிப்பு.
எழுதுபவள்: எஸ்தர் பாக்கியம், ட்ரோன் பொறுப்பு.

நாள் 212. காலை 07:10

உள் அழுத்தம் சரி. உள்ளே 21 டிகிரி, வெளியே மைனஸ் 179. மட்டமானி பூஜ்யம்.

நிலையத்தின் சாய்வை அளக்கும் இந்த மட்டமானி காலையில் எப்போதுமே பூஜ்யம்தான் காட்டும். சனிக்கோள் இழுக்கிற இழுப்பில் இந்த நிலவின் தரை பதினாறு நாளுக்கு ஒரு தடவை லேசாக ஏறி இறங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அது அலறி எங்கள் தூக்கத்தைக் கெடுத்ததால், தினமும் காலை ஆறு மணிக்குத் தன்னைத்தானே பூஜ்யமாக்கிக்கொள்ளும்படி வைத்துவிட்டோம். ஒரே நாளில் ஒன்றரை டிகிரி சாய்ந்தால் மட்டும் கத்தும். யோசனை என்னுடையது. மக்தூம் அண்ணன் கைதட்டினார்.

நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். மக்தூம் அண்ணன் கீழக்கரைக்காரர், பனிப்பாறை ஆராய்ச்சியாளர். இன்று காலை 06:40க்கு வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு அப்பால் பாறைத் துண்டுகள் வெட்டப் போயிருக்கிறார். 217ஆம் நாள் மாலை திரும்புவார்.

இதைப் படிப்பவர் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிலையம் மீத்தேன் ஏரியின் கரையில் நிற்கிறது. எங்கள் காலடியில் அகலமான பனித்தகடு, அதைப் பலகை என்கிறோம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பலகை முடிகிற இடத்தில் கெட்டியான மேடு. மேட்டுக்கு அந்தப் பக்கம் ரேடியோ போகாது. அதனால் காலை பத்துக்கும் மாலை நான்குக்கும் ட்ரோனை மேட்டின்மேல் உயர்த்தி, அதன் வழியாகப் பேசிக்கொள்கிறோம். போகும் வழியில் அது பலகையைப் படம் பிடிக்கும். அந்தப் படங்களிலிருந்து சரிவு வரைபடம் தயாராகும். வரைபடம் பச்சை காட்டும் இடத்தில்தான் ஒன்பது டன் வண்டி ஏறலாம்.

ட்ரோன் பெயர் சிட்டு-2. சிட்டு-1 எங்கே என்று கேட்டால், அதை மக்தூம் அண்ணன் இரண்டு மாதத்துக்கு முன் பிடிக்கத் தெரியாமல் போட்டு உடைத்தார். நான் அவரை ஒரு வாரம் விட்டுவைக்கவில்லை. சாப்பிடும்போதுகூடப் பேசினேன். இனி ட்ரோன் பிடிக்கிற வேலை என்னுடையது மட்டுமே என்று எழுதி வாங்கிக்கொண்டேன்.

வெளிக்கதவு கொஞ்சம் உரசுகிறது. மசகு போட வேண்டும்.

நாள் 213. மாலை 16:50

ட்ரோன் அடிபட்டது. என் கையில்.

இங்கே ட்ரோனைத் தரையில் இறக்குவதில்லை. தரையில் படிந்திருக்கும் ஆரஞ்சுத் தூசி தார்போல் ஒட்டிக்கொள்ளும். கேமராவை ஆடாமல் தாங்குகிற கிம்பலில் மூன்று சின்ன மோட்டார்கள் இருக்கின்றன. அந்தத் தூசி அதில் புகுந்தால் தீர்ந்தது. அதனால் கையால் பிடிப்பதுதான் வழக்கம். ட்ரோன் கூட்டின் சுவரில் தோள்வரை நீளும் ரப்பர் கைகள் இரண்டு பதித்திருக்கின்றன. உள்ளிருந்தபடியே அவற்றில் கையை நுழைத்து, வாசலுக்குள் மிதந்து வருவதைப் பிடித்துத் தட்டில் வைக்க வேண்டும். ட்ரோனுக்கும் வாசல் சட்டத்துக்கும் நடுவே இருபுறமும் இரண்டு விரல்கடை இடைவெளி. நூற்று நாற்பது தடவை பிடித்திருக்கிறேன். ஒரு தடவைகூட உரசியதில்லை.

இன்று இடது இறக்கை சட்டத்தின் மேல்மூலையில் இடித்தது. எட்டிப் பிடிப்பதற்குள் சுழன்று, கேமரா முகம் தட்டின் விளிம்பில் மோதியது. சத்தம் எனக்குள் கேட்டதுபோல் இருந்தது.

சோதனை செய்தேன். உறையில் விரிசல் இல்லை. அதிர்வு தாங்கும் ரப்பர்கள் நான்கும் தத்தம் குழியில் இருக்கின்றன. மோட்டார் மூன்றையும் விரலால் சுற்றிப் பார்த்தேன், தடங்கல் இல்லை. நாடாக் கம்பி கிழியவில்லை. மின்சாரம் கொடுத்ததும் கேமரா வழக்கம்போல் மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டி நேராக நின்றது. கடைசியாக அடிவானச் சோதனை. ட்ரோனைத் தட்டில் வைத்து, எதிர்ச்சுவரில் போட்டிருக்கும் மஞ்சள் கோட்டைப் படத்தில் பார்க்க வேண்டும். கோடு 1.4 டிகிரி சாய்ந்து தெரிந்தது.

கிம்பல் கோணலாகிவிட்டது. வேறென்ன.

கேமராவின் அமைப்பில் அடிவானத் திருத்தம் என்று ஒன்று உண்டு. 1.4 போட்டேன். கோடு நேரானது.

இதை மக்தூம் அண்ணனிடம் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? ட்ரோனை மறுபடி மேட்டுக்கு அனுப்பி, பலகை பச்சை, எல்லாம் சரி என்று மட்டும் சொன்னேன்.

நாள் 214. காலை 10:40

பேசினேன். நலமாக இருக்கிறார். பாறையில் நல்ல துண்டுகள் கிடைத்ததாம். சிட்டு எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பேச்சை மாற்றினேன்.

வரைபடம் வந்தது. பலகை முழுவதும் பச்சை, சரிவு பூஜ்யம் புள்ளி ஒன்று. திருத்தம் வேலை செய்கிறது. ஏரியின்மேல் மூட்டம், எதிர்க்கரை தெரியவில்லை.

ட்ரோனைப் பிடிக்கும்போது மறுபடியும் இடது பக்கம் இழுத்தது. இந்த முறை தயாராக இருந்தேன், இடிக்கவில்லை. பிடித்தபின் சோதனை: மஞ்சள் கோடு மறுபடி 0.3 சாய்ந்திருக்கிறது. ரப்பர் ஒன்று தொய்கிறதுபோல. திருத்தத்தை 1.7 ஆக்கினேன்.

வெளிக்கதவுக்கு மசகு போட்டேன். இன்னும் உரசுகிறது.

நாள் 215. பிற்பகல் 14:15

பூமியின் குரல் காலையிலிருந்து இழுக்கிறது. பாதி எழுத்துதான் வந்து சேர்கிறது. கம்பியைக் கழற்றி மாட்டினேன், மாற்றமில்லை. ஆண்டெனா மட்டமானியைக் கேட்டுத்தான் பூமியின் பக்கம் திரும்பும். மட்டமானி பூஜ்யம் காட்டுகிறது, எனவே ஆண்டெனாவில் தப்பில்லை. கம்பியில்தான் ஏதோ.

கிம்பல் இன்னும் மோசமாகிறது. திருத்தம் இப்போது 2.2. அடிபட்ட பொருள் ஒரே நாளில் கெடும், அல்லது கெடாது. தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுவதை நான் பார்த்ததில்லை. ஆனாலும் பலகை பச்சையாகவே வருகிறது.

மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தரைக்குக் கீழே டப் என்று ஒரு சத்தம். ஈரத்துணியை உதறினால் வருமே, அதுபோல. கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எதுவும் கேட்கவில்லை. வைத்த கரண்டி மேசையில் தானாக நகர்ந்து தட்டில் முட்டியது.

தனியாக இருந்தால் எல்லாம் பயமாகத்தான் இருக்கும். எழுதிவிட்டால் கொஞ்சம் குறைகிறது. அதற்காகவும் எழுதுகிறேன்.

நாள் 216. காலை 10:35

மூட்டம் விலகிவிட்டது. இருநூறு நாளில் இரண்டு தடவைதான் ஏரி முழுவதும் தெரிந்திருக்கிறது. இன்று தெரிந்தது.

ஏரி சாய்ந்திருக்கிறது.

எதிர்க்கரைக் கோடு படத்தில் இடமிருந்து வலமாக இறங்குகிறது. 2.9 டிகிரி, இன்று காலை நான் ஏற்றிவைத்த திருத்தம் எவ்வளவோ அவ்வளவு. கூட்டுக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாம் நேர். ட்ரோனை வெளியே அனுப்பினால் ஏரி சாய்வு. மூன்று தடவை அனுப்பிப் பார்த்தேன், மூன்று தடவையும் அப்படியே. உள்ளே ஒரு மாதிரி, வெளியே ஒரு மாதிரி நடந்துகொள்கிற கோளாறை என் பத்து வருட வேலையில் கண்டதில்லை.

தாங்க முடியாமல் மக்தூம் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். ட்ரோனை இடிக்கவிட்டதை, மறைத்ததை, தினமும் திருத்தம் போட்டதை. குரல் நடுங்கியது. பேச்சுப் பதிவிலிருந்து அவர் சொன்னது:

"இதுக்குப் போயா இவ்வளவு நடுக்கம்? என்னைய ஒரு வாரம் வறுத்தெடுத்தியேம்மா, அத நெனச்சா சிரிப்பா வருது. கேமராதான் கோணலு, மேப் பச்சையா வருதுல்ல? பெறகென்ன. சுக்குக் காப்பி போட்டுக் குடி. தனியா இருக்குறதாலதான் இப்படி, மனுசன் கூட இருந்தாத் தெம்பு வரும்."

சிரித்தேன். பாரம் இறங்கியது உண்மை. ஆனால் ஏரி இன்னும் சாய்ந்துதான் இருக்கிறது.

நாள் 216. பிற்பகல் 13:55

சுக்குக் காப்பி போட்டேன். அதனால் கண்டுபிடித்தேன்.

ஈர்ப்பு குறைவு என்பதால் இங்கே எதையும் மூடிபோட்ட குவளையில்தான் குடிப்போம். திறந்த பாத்திரம் எடுத்தால் அலம்பித் தளும்பும். இன்று குவளை கழுவவில்லை, சோம்பல். கொதிக்க வைத்த சட்டியோடு மேசைக்கு வந்தேன். காப்பி ஒரு பக்கம் விளிம்பில் ஏறியிருந்தது, மறுபக்கம் இறங்கியிருந்தது. சட்டியைத் திருப்பி வைத்தேன். மறுபடியும் அதே பக்கம். ஏரி இருக்கும் பக்கம்.

திரவம் சாயாது. ஏரியும் திரவம், காப்பியும் திரவம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்கின்றன என்றால் சாய்ந்தது அவை அல்ல.

பல் இடுக்கு நூலில் ஒரு நட்டைக் கட்டி விட்டத்திலிருந்து தொங்கவிட்டேன். சுவரோரம் மேலே ஒட்டியிருந்த நூல், தரைக்கு வரும்போது சுவரைவிட்டுப் பன்னிரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிற்கிறது. கணக்குப் போட்டால் 3.3 டிகிரி.

அப்பா உடன்குடியில் கொத்தனார். தூக்குக்குண்டு போடாமல் அவர் ஒரு செங்கல் வைத்ததில்லை. அவர் மகள் நான்கு நாளாகச் சுவரைப் பார்த்து நூலைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

கிம்பலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இந்த நிலையத்தில் உண்மை சொன்ன ஒரே பொருள் அதுதான். நிலையம் சாய்ந்தது. அதனால் வாசல் சாய்ந்தது, நேராக வந்த ட்ரோன் அதில் இடித்தது. கதவு உரசியது. ஆண்டெனா வேறெங்கோ பார்க்கிறது. மட்டமானி ஒவ்வொரு காலையும் எல்லாவற்றையும் மறந்துவிட்டு பூஜ்யம் என்றது. அது என் யோசனை.

எங்கள் சூடுதான் காரணம். இருநூறு நாளாக நிலையத்தின் கால்கள் வழியே இறங்கிய வெப்பத்தில், பலகைக்குள் ஊறியிருந்த மீத்தேன் கொதித்து வெளியேறியிருக்கிறது. அடியில் பொந்து. அந்த டப் சத்தம் அதுதான். பலகை மொத்தமும் ஏரிப் பக்கம் சாய்கிறது.

நான் அந்தப் பலகையைப் பச்சை என்று அவருக்கு அனுப்பியிருக்கிறேன். நான்கு நாளும். திருத்தம் போட்டு.

நாள் 216. பிற்பகல் 14:50

ட்ரோனை மேட்டின்மேல் நிறுத்தி இருபத்திரண்டு தடவை அழைத்தேன். பதில் இல்லை. பேசும் நேரம் நான்கு மணி. அதற்கு முன் அவர் செவிக்கருவியைப் போட்டுக்கொள்ள மாட்டார், காது வலிக்கிறது என்பார். பூமிக்கும் அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை. சேர்ந்தாலும் பதில் வர இரண்டே முக்கால் மணி நேரம்.

நாளை மாலைதானே வருகிறார். நான்கு மணிக்குச் சொல்லிவிடலாம். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறேன்.

நாள் 216. மாலை 16:25

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

15:52க்கு, ட்ரோனைக் கிளப்புவதற்கு முன்பே, நிலைய ரேடியோவில் அவர் குரல் நேரடியாக வந்தது. மேட்டின் உச்சிக்கு வந்தால் மட்டும்தான் அப்படி வரும்.

"எஸ்தர், சன்னல்ல எட்டிப் பாரு. நீ பேசுன பேச்சுல எனக்கு இருப்புக் கொள்ளல. ஒரு நாள் முன்னாடியே கெளம்பி வந்துட்டேன். இந்தா எறங்குறேன்."

நான் பயந்ததால் வந்திருக்கிறார். எனக்குத் துணையாக.

"அண்ணே, நில்லுங்க. பலகையில ஏறாதீங்க. பலகை சாயுது. கேமரா நல்லாத்தான் இருக்கு, நெலையம்தான் சாயுது" என்றேன். ஒரே மூச்சில் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ.

கேமரா கோணல் என்று காலையில் நீதானே சொன்னாய் என்று கேட்டார். பொறுமையாகத்தான் கேட்டார். தனிமையில் இப்படியெல்லாம் தோன்றும், தனக்கும் போன வருடம் தோன்றியது என்றார். மேப் பச்சையாக இருக்கிறது என்றார். என் மேப். வண்டியின் விளக்கு சரிவில் இறங்கத் தொடங்கியது சன்னலில் தெரிந்தது. மேட்டின் அடிவாரம் வரை நான்கு நிமிடம். அதற்கப்புறம் பலகை.

நூலில் நட்டு தொங்குவதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. நான் பார்த்ததை அவர் பார்க்க வேண்டும்.

செம்புக் கம்பியில் ஒரு போல்ட்டைக் கட்டினேன். ரப்பர் கைகளை நுழைத்து, கூட்டின் வாசல் சட்டத்தின் மேல்மூலையில் தொங்கவிட்டேன். இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை நின்றது. தட்டில் ட்ரோனை வைத்து, திருத்தத்தை பூஜ்யமாக்கி, கம்பியும் சட்டமும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து அனுப்பினேன்.

"படத்தைப் பாருங்க அண்ணே. கேமரா கோணல்னா கம்பியும் கதவும் சேந்துல்லா சாயணும். கம்பி நேரா நிக்கி. கதவு மட்டும் சாஞ்சிருக்கு. கம்பி பொய் சொல்லாது."

விளக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. நான் சன்னலை முஷ்டியால் குத்தினேன், அவருக்குக் கேட்கப் போகிறதுபோல.

விளக்கு நின்றது.

"முன்சக்கரம் பலகையிலதாம்மா நிக்கிது" என்றார். அந்தக் குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. பின்னால் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். அந்த நேரம் பார்த்து நிலையத்தில் மட்டமானி அலறத் தொடங்கியது. காலையிலிருந்து ஒன்றரை டிகிரி தாண்டிவிட்டதாம்.

நாள் 216. மாலை 17:20

சாய்வு 5.6.

சூடேற்றிகள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். உடுப்பு போட்டுக்கொண்டேன், தலைக்கவசம் மட்டும் பாக்கி. வெளியே போய் மேடுவரை நடந்துவிட்டால் போதும். முப்பது நிமிட நடை.

வெளிக்கதவு திறக்கவில்லை. சட்டம் முறுக்கிக்கொண்டு கதவைக் கவ்வியிருக்கிறது. கைப்பிடியில் தொங்கினேன். இரும்புத் தடியை நெம்பினேன், தடி வளைந்தது. வேறு கதவு கிடையாது. வண்டி வந்து பொருந்தினால் மட்டும் திறக்கும் வாய் ஒன்று உண்டு. வண்டி வரக்கூடாது. ட்ரோன் வாசலில் என் தலை நுழையும், உடுப்பின் முதுகுப்பெட்டி நுழையாது.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தரை கிறீச்சிடும் ஒவ்வொரு தடவையும் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினால் சாய்வு இன்னும் நன்றாகத் தெரிகிறது.

கதவு இறுகிவிட்டதை அவரிடம் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். கேட்டார், சொல்லிவிட்டேன். ஒரு முறை மறைத்ததே போதும்.

நாள் 216. மாலை 18:05

சாய்வு 7.5. பேனா, தட்டு, நாற்காலி எல்லாம் ஏரிப்பக்கச் சுவரில் குவிந்துகிடக்கின்றன. நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

பாறை வெட்டும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு அவர் நடந்து வருகிறார். வண்டிதானே கனம், என் கனம் பலகைக்கு ஒரு பொருட்டா என்றார். வெளியிலிருந்து கதவை அறுத்துவிடலாம் என்றார். வராதீங்க என்று எத்தனையோ தடவை சொன்னேன். கடைசியாக ஒன்றே ஒன்று சொன்னார்.

"உன்னைய அங்க விட்டுட்டு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஊருக்குப் போறது?"

அதற்கப்புறம் நடையை நிறுத்தவே இல்லை.

ட்ரோனைக் கிளப்பி அவருக்கு மேலே நிறுத்தியிருக்கிறேன். திரையில் தெரிகிறார். ஆரஞ்சு வெளிச்சத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, தாவித் தாவி வருகிறது. பின்னால் ஏரி. திருத்தம் இல்லாமல் பார்த்தால் ஏரி அவ்வளவு நேராக இருக்கிறது.

நாள் 216. மாலை 18:38

சாய்வு 9.8.

பலகை பிளந்துவிட்டது. சத்தம் முதலில் காலில் வந்தது, பிறகுதான் காதில். திரையில் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் நடுவே, நிலையத்திலிருந்து எண்ணூறு மீட்டரில், கரைக்கு இணையாக ஒரு கறுப்புக் கோடு. அவர் மேட்டுப் பக்கம் இருக்கிறார். அந்தப் பக்கம் அசையவில்லை, இந்தப் பக்கம்தான் போகிறது.

விளிம்பில் நிற்கிறார். நல்லவேளை, நிற்கிறார்.

கோட்டின் அகலத்தை அளந்தேன். ஐந்து மீட்டர். பூமியில் என்றால் யாரும் தாண்ட நினைக்கமாட்டார்கள். இங்கே ஒரு ஆள் ஓடிவந்தால் தாண்டிவிடலாம். அது அவருக்கும் தெரியும். அதுதான் என் பயம். ஏரியைவிட அதுதான்.

அவர் கையில் ஏதாவது கொடுத்துவிட வேண்டும். கை நிறைந்திருந்தால் தாண்டமாட்டார்.

"அண்ணே, கேளுங்க. பூமிக்கு எதுவும் போய்ச் சேரல. நான் எழுதுனது எல்லாம், நாலு நாள் படம், எல்லாம் சிட்டுக்குள்ளதான் இருக்கு. அடுத்து வர்றவங்க இன்னொரு பலகையில வீடு கட்டிரக் கூடாது. சிட்டு உங்க கைக்கு வருது. தரையில எறக்க முடியாது, நீங்கதான் பிடிக்கணும். ரெண்டு கையாலயும் பிடிங்க. இந்தத் தடவ போட்டுராதீங்க."

ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

நாள் 216. மாலை 18:51

பிடித்துவிட்டார்.

உரசவே இல்லை. படம் துளி ஆடவில்லை. எவ்வளவு நேர்த்தியாகப் பிடித்தார். அந்த ஒரு வாரம் அவரைப் பேசியதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி" என்றார். அழுகிறார் என்று நினைக்கிறேன்.

ரேடியோ இருக்கும்வரை நான் எழுதுவது சிட்டுவுக்குப் போய்க்கொண்டிருக்கும். தலைக்கவசம் மாட்டிவிட்டேன். உடுப்பில் எட்டு மணி நேரக் காற்று இருக்கிறது. ஏரிக்குள் போனாலும் எட்டு மணி நேரம். அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது.

சொல்லிவிட்டேன். பயத்தில் வாயில் வந்துவிட்டது.

18:57

கைமாறியபின் சோதனை. அவர் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்.

உறை, விரிசல் இல்லை. ரப்பர் நான்கும் இருக்கின்றன. மோட்டார் மூன்றும் சுற்றுகின்றன. அடிவானத் திருத்தம் பூஜ்யம். ஏரி நேர்.

நிலையம் 11.2

நிலையம் 14

19:01

திரையில் நிலையம் தெரிகிறது. என் சன்னல் விளக்கு தெரிகிறது. வெளியிலிருந்து நான் இருக்கும் இடத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. எவ்வளவு சாய்ந்து

நிலையம் 19

அவர் பின்னால் போகிறார். மேட்டுப் பக்கம் இருபது அடி போய்விட்டார். நல்லது. போகட்டும். நான் சொன்னதைக் கேட்டுவிட்டார்

இல்லை

திரும்பி நிற்கிறார்

19:02

படம் ஆடவில்லை. கிம்பல் நன்றாக வேலை செய்கிறது. அவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் படம் ஆடாது. கறுப்புக் கோடு பெரிதாகிறது. விளக்கு பெரிதாகிறது. நிலையம் பெரிதாகிக்கொண்டே

அண்ணே வேண்டாம் நில்லு